அஞ்சுகிறவர்களுக்கு அறிவியல் தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மரபணுத் திருத்தம் பற்றிய கட்டுரையில், "இதைக் கண்டு அஞ்சுபவர்கள் அறிவியல் அறியாதவர்கள்" என்று ஒரு வரி. அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

என் மகனுக்குத் தாலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். 16 வருடங்களாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். 2023 நவம்பரில் இந்த நோய்க்கு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சைக்குப் பிரிட்டன் அனுமதி கொடுத்த செய்தியைப் படித்துவிட்டு அழுதவள் நான். கட்டுரையாளரைவிட எனக்குத்தான் அந்தச் சிகிச்சை வேண்டும். வேண்டும் என்பதால்தான் விசாரித்தேன். நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்துத் திருத்தி, மறுபடி செலுத்துவதற்கு முன், கீமோ மருந்து கொடுத்துப் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்கிறார்கள். அதில் பிள்ளை பெறும் வாய்ப்பே போய்விடலாம். கிரிஸ்பர் தவறான இடத்தில் வெட்டியிருந்தால் பின்னால் புற்றுநோய் வருமோ என்று 15 ஆண்டுகள் வரை கண்காணிக்கிறார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லையே, ஐயா.

1975-இல் அமெரிக்காவின் அசிலோமரில் கூடி, மரபணு ஆய்வுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பேசியவர்கள் விஞ்ஞானிகள்தான். அதை முன்னின்று நடத்திய பால் பெர்க் பிறகு நோபல் பரிசும் பெற்றார். அவருக்கும் அறிவியல் தெரியாதா? 1999-இல் மரபணு சிகிச்சை ஆய்வில் இறந்த ஜெஸ்ஸி கெல்சிங்கருக்கு 18 வயது. அதே வகைச் சிகிச்சையில் குரங்குகள் இறந்ததை அவர் கையெழுத்திட்ட படிவம் சொல்லவில்லை.

ஒரு மருந்து ஆய்வில் சேர்க்க என் மகனையும் கூப்பிட்டார்கள். படிவத்தைப் படிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டேன். "படித்தால் மட்டும் உங்களுக்குப் புரியுமாம்மா?" என்றார்கள். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். உங்கள் கட்டுரையின் அந்த வரியும் எனக்கு அதே குரலில்தான் கேட்டது.

2018-இல் சீன இரட்டைக் குழந்தைகளின் செய்தியை "எய்ட்ஸ் வராத குழந்தைகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் தொற்றில்லாமல் குழந்தை பெற வேறு வழி ஏற்கெனவே இருந்தது. கருவிலேயே மரபணுவை மாற்றிவிட்டார்கள். அது அந்தக் குழந்தைகளோடு நிற்காது, அவர்கள் பிள்ளைகளுக்கும் போகும். அவர்களை யார் கேட்டார்கள்? மறுவருடம் அதைச் செய்த விஞ்ஞானி ஹே ஜியான்குயிக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தபோது உள்பக்கத்தில் நாலு வரி. அப்போதும் எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை; நானும் மறுபடி கேட்கவில்லை.

இப்போது ஒன்றுதான் கேட்கிறேன். நோயாளியின் உடல் செல்லைத் திருத்துவது வேறு, கருவைத் திருத்துவது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. அடுத்த இதழில் ஒரு சிறிய கட்டத்தில் அந்த வித்தியாசத்தைப் போடுங்கள். நாலு வரி போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி