மோனோ பொத்தானை ஏன் எடுத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்க ஹெட்போன் மேலா, ஸ்பீக்கர் மேலா என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறையின் குறுக்கீடு இல்லாமல் பதிவை உள்ளது உள்ளபடி கேட்கலாம் என்று சொல்லி, ஹெட்போனுக்கே தீர்ப்பு எழுதியிருந்தார் கட்டுரையாளர். இரண்டு காதும் கேட்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதிய தீர்ப்பு அது. எனக்கு இடது காது கிடையாது. சிறுவயதில் வந்த பொன்னுக்கு வீங்கி அதைக் கொண்டுபோய்விட்டது.

ஹெட்போனில் இடது தடம் இடது காதுக்கு மட்டும், வலது தடம் வலது காதுக்கு மட்டும். ஒலியை இப்படி இடம், வலம் என்று இரண்டு தடமாகப் பதியும் ஸ்டீரியோ முறை புதிதாக இருந்த 1960களில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் ஒதுக்கிவிட்ட பதிவுகள் பல உண்டு. குரல் இடப்பக்கம் உள்ள பதிவைப் போட்டால் எனக்கு வயலின் வில் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும். பாடுபவர் மட்டும் வரவே மாட்டார். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினால் அவர் வந்துவிடுவார், வாத்தியக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். இதையா உள்ளது உள்ளபடி என்பது?

ஸ்பீக்கரில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பெட்டிகளின் ஒலியும் இரண்டு காதுகளுக்கும் போகிறது. எட்ட இருக்கும் காதுக்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான தாமதம், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளும்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோதே ஒலிகள் இப்படிக் கலப்பதைக் கணக்கில் கொண்டிருந்தார். ஹெட்போன் அதை அறுத்துவிடுகிறது. நல்ல காது இரண்டும் உள்ளவர்களுக்கே பாட்டு எதிரில் ஒலிக்காமல் மண்டைக்குள் ஒலிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு பக்கத்து ஒலியில் கொஞ்சத்தை மறுபக்கத்துக்கு விடும் மின்சுற்று ஒன்றை லிங்க்விட்ஸ் என்ற பொறியாளர் 1971இல் வெளியிட்டார். ஆனால் அத்தகைய சுற்றுகளில் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்கள்தான் கடந்து வரும். எனக்கு அது அரைச் சோறு.

அறையைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க மாட்டேன். இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3.4 மீட்டர் இருந்தால் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி அங்கே நிலையலையாக நின்றுவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் குமுறும், சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்த ஒலி மட்டும் மெலிந்துபோகும். நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாலே பெரும் வித்தியாசம் தெரியும். கட்டுரையாளர் அதைச் சொல்லியிருக்கலாம். பதிவில் உள்ள இரைச்சலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் கண்டுபிடிக்க ஹெட்போன்தான் சிறந்தது. ஊர் உறங்கும் நேரத்திலும் அதுதான்.

ஒலியளவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 86 டெசிபலில் பத்து மணி நேரம்தான். கேட்காத பாதியைத் தேடி ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது என்போன்றவர்களுக்கு வரும் சபலம். மிச்சமிருப்பது ஒரு காது!

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கைபேசியில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டு தடங்களும் ஒன்றாகி இரண்டு பக்கமும் வரும். பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஒரே மேடையில் நிற்பார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் இதற்கென்றே முகப்பில் ஒரு பொத்தான் இருந்தது. இப்போது விலை ஏற ஏறப் பொத்தான்கள் குறைகின்றன. இதைத்தான் எளிமை என்று விளம்பரம் செய்கிறார்கள்.

அடுத்த முறை ஹெட்போனையோ ஆம்ப்ளிஃபையரையோ மதிப்பிட்டு எழுதும்போது, அதில் மோனோ வசதி உண்டா என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு பெட்டியைத் திரும்பக் கட்டும் வேலை எங்களுக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்