சீலர் ஒட்ட வேண்டுமானால்: டெல்டா பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கிளினிக் நடத்தும் பல் மருத்துவ நண்பர்களுக்கு, வணக்கம்.

வேர் சிகிச்சையில் நாம் நிரப்பும் பொருள் பல்லின் உட்சுவரில் எந்த அளவுக்கு ஒட்டுகிறது என்பதைப் பற்றியே இந்த மடல். நம் கிளினிக்குகளுக்கு வரும் கம்பெனிப் பிரதிநிதிகள் வண்ண அட்டையை விரித்து, தங்கள் சீலரின், அதாவது நிரப்பியைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசையின், ஒட்டுவலிமை இத்தனை மெகாபாஸ்கல் என்று காட்டுகிறார்கள். அதைப் பார்த்து விலை கூடிய சிரிஞ்சை வாங்குகிறோம். வாங்கலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி, வேர்க்குழாயைக் கழுவும் நேரத்தைக் குறைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பது நாம் படித்ததுதான். பிடுங்கிய பல்லை, பெரும்பாலும் நேரான ஒற்றை வேர்ப் பல்லை, ஆய்வுக்கூடத்தில் சுத்தம் செய்து நிரப்புகிறார்கள். வேரைக் குறுக்கே ஒரு மில்லிமீட்டர் அளவு வில்லைகளாக அறுத்து, நடுவில் இருக்கும் நிரப்பியை ஊசி முனையால் அழுத்தி, எந்த விசையில் அது விடுபடுகிறது என்று அளக்கிறார்கள். அங்கே எச்சில் கிடையாது, ரத்தம் கிடையாது, வாயைத் திறக்க முடியாமல் தவிக்கும் பெரியவர் கிடையாது. வில்லையின் தடிமனோ ஊசியின் பருமனோ மாறினால் எண்ணும் மாறிவிடும். ஒரு கூடத்தில் வந்த எண்ணை இன்னொரு கூடத்தின் எண்ணோடு வைத்து நிறுக்க முடியாது. இந்தச் சோதனையில் முந்திய பொருள் நோயாளியின் வாயிலும் முந்தும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. முதுநிலை மாணவர்களுக்கு இதே சோதனையை ஆய்வுத் தலைப்பாகக் கொடுக்கும் பேராசிரியர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரெசிலான் கதையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 வாக்கில் வந்த பொருள். வேர்க்குழாயில் கோனாக (கூம்புக் குச்சியாக) வைக்கும் கட்டா பெர்ச்சாவுக்கு மாற்றாக, சுவரும் சீலரும் நடுக்கோனும் ஒரே உடலாக ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. ஆனால் அதன் சீலரில் உள்ள ரெசின் (பிசின்) இறுகும்போது சுருங்கும். மேலே அடைக்கும் குழியில் ஒட்டிய பரப்புக்கும் திறந்த பரப்புக்கும் உள்ள விகிதம் ஒன்று முதல் ஐந்து வரைதான். வேர்க்குழாய்க்குள் அது ஆயிரத்தைத் தாண்டக்கூடும். சுருங்கும் பொருளுக்கு விட்டுக்கொடுக்க இடமே இல்லாததால் அது சுவரிலிருந்து பிய்ந்துகொள்கிறது. ரெசிலானின் அடிப்படையான பாலிகேப்ரோலாக்டோன் நொதிகளால் சிதையக்கூடியது என்பதும் தெரியவந்தது. பல ஆண்டுகள் கழித்து நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது, பழைய கட்டா பெர்ச்சாவைவிட இதில்தான் தோல்வி அதிகமாக இருந்தது. பொருள் சந்தையைவிட்டே போய்விட்டது. அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் நம்முடைய நோயாளிகள்.

கட்டா பெர்ச்சா வேர்ச்சுவரான டென்டினில் ஒட்டாது. மலாய் நாட்டு மரத்தின் பாலில் செய்த அந்தக் கோனில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மீதி பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. ஒட்டும் வேலை முழுவதும் சுவருக்கும் கோனுக்கும் நடுவே ஏடுபோல் படியும் சீலருடையது. அந்த ஏடு எதன்மேல் படிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபைல் என்னும் மெல்லிய அரம் ஓடிய சுவரில் டென்டின் தூளும் திசு எச்சமும் கிருமிகளும் குழைந்து ஒரு படலமாக அப்பிக்கொள்கின்றன. அதை எடுக்காமல் சீலரை ஏற்றுவது, தூர் வாராத வாய்க்காலில் வண்டலின்மேல் சிமென்ட் பூசுவதற்குச் சமம். பூச்சு வண்டலைத்தான் பிடிக்கும், கரையைப் பிடிக்காது.

கழுவும் திரவமான ஹைப்போகுளோரைட் திசுவைக் கரைக்கும், ஆனால் அந்தப் படலத்தின் கனிமப் பகுதியைத் தொடாது. அதற்குக் கனிமத்தைக் கரைக்கும் 17 சதவீத ஈடிடிஏ திரவம் வேண்டும், நிரப்புவதற்கு முன் ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடம்தானே என்று விட்டுவிடுகிறோம், அதுவே பின்னால் வினையாகிறது. நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். ஹைப்போகுளோரைட் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். சித்திரை, வைகாசியில் ஜன்னலோரம் மூடி தளர்ந்து நிற்கும் பாட்டிலில் லேபிள் சொல்லும் அளவு குளோரின் இருக்காது. நாகை, வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில், மூடி சரியாக மூடாத பயோசெராமிக் சீலர் (ஈரத்தில் இறுகும் வகை) சிரிஞ்ச் முனையிலேயே இறுகிவிடும். இவை வாங்கிய விலையைப் பொறுத்தவை அல்ல, அலமாரியில் வைக்கும் விதத்தைப் பொறுத்தவை.

கழுவும் வரிசையும் முக்கியம். ஹைப்போகுளோரைட்டுக்குப் பிறகு இடையில் எதையும் விடாமல் கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடினை விட்டால் பழுப்பு நிறப் படிவு உண்டாகி டென்டின் நுண்குழல்களை அடைக்கும். ஹைப்போகுளோரைட் எச்சம் தங்கிய சுவரில் ரெசின் சரியாக இறுகாது. கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த சீலரை நிரப்பிவிட்டு, பல்லின் மேல் அறையைத் துடைக்காமல் காம்போசிட் (பல்நிற ரெசின் அடைப்பு) வைத்தாலும் இதே கதிதான். எபாக்சி ரெசின் சீலருக்கு உலர்ந்த சுவர் வேண்டும். பயோசெராமிக் சீலர் இறுகுவதற்கோ சுவரில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். பேப்பர் பாயின்ட் என்னும் காகிதக் குச்சியைத் திரும்பத் திரும்ப விட்டு முழுக்க உலர்த்தி எடுப்பது பழக்கமாகிவிட்ட நம் கை, சீலரை மாற்றும்போது இதையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடவு வேலை செய்யும் அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் சிகிச்சை முடித்த கீழ்க் கடைவாய்ப் பல். பழைய எக்ஸ்ரேயில் நிரப்பு நுனி வரை அழகாகத்தான் தெரிந்தது. திறந்து ஃபைலைத் திருகி இழுத்ததும் கோன் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்தது. கோனின்மேல் சீலர் அப்படியே இறுகிப் படிந்திருந்தது, சுவரில் அதன் சுவடே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர் மஞ்சளாக, பிசுபிசுவென்று இருந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “போன தடவையே காசு கட்டினேனே டாக்டர், மறுபடியும் கட்டணுமா?” அந்தக் கேள்வியை உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன்.

அவருடைய பல்லில் இன்னொரு குறையும் இருந்தது, டெல்டாவில் இதுதான் பெரிய குறை என்பது என் எண்ணம். வேர் நிரப்பி முடிந்து மாதங்கள் ஆகியும் மேலே தற்காலிக அடைப்புதான் இருந்தது. கேப் போடப் பணம் வேண்டும். சம்பா அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறி, பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் விவசாயி வருவார். கூலியாளுக்கு அதுவும் இல்லை. வலி நின்றுவிட்டதால் பல்லை மறந்தும்விடுவார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது. அது தேய்ந்து இடுக்கில் எச்சில் இறங்கினால் உள்ளே எந்தச் சீலரும் காலகாலத்துக்குத் தாங்காது. 1995-இல் ரே, ட்ரோப் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேர் நிரப்பலைவிட மேல் அடைப்பின் தரமே விளைவைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகள் இரண்டுக்கும் சம இடம் கொடுத்தன. எப்படிப் பார்த்தாலும் மேல் அடைப்பை இரண்டாம்பட்சமாக்க முடியாது.

ஆகவே நான் கேட்பது இது. கேப்புக்கு நாள் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், நிரப்பிய அன்றே குழாய் வாய்களின்மேல் கிளாஸ் அயனோமர் சிமென்டோ காம்போசிட்டோ வைத்து நிரந்தரமாக அடைத்து அனுப்புங்கள். கிளாஸ் அயனோமர் டென்டினோடு வேதிமுறையில் தானே பிணையும், செலவும் அதிகமில்லை. கேப் இல்லாவிட்டால் பல் பிளக்கும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, அதையும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லி அனுப்புங்கள். எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பான ரப்பர் டாம் கட்டாமல் எந்த வேரையும் நிரப்பாதீர்கள். நேரம் போகிறது என்பீர்கள். எச்சில் பட்ட சுவரில் மறுபடி வேலை செய்வதற்கு இதைவிட அதிக நேரம் போகிறது.

கடைசியாக, நோயாளியின் கையில் ஒரு சீட்டு கொடுங்கள். எந்தப் பல், எத்தனை குழாய், ஒவ்வொன்றின் நீளம், கடைசியாகக் கழுவிய திரவம், சீலரின் பெயர், மேலே வைத்த அடைப்பு, தேதி. நிரப்பிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயின் நகலும் சேரட்டும். எபாக்சியா பயோசெராமிக்கா என்று தெரியாமல் பழைய வேரைத் திறப்பது எவ்வளவு பாடு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நன்றாக இறுகிய பயோசெராமிக்கைக் கரைப்பதற்கு நம்மிடம் எளிய கரைப்பான் இல்லை. மன்னார்குடியில் நிரப்பிய பல்லை ஒருநாள் மயிலாடுதுறையில் திறக்க நேரலாம். என் கிளினிக்கில் இந்தச் சீட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். வேண்டுபவர்கள் சொல்லுங்கள், மாதிரியை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு பல் மருத்துவர்