தெருவின் மட்டத்தையும் தீர்மானத்தில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கையில் அஜெண்டா நகல் இருந்தது. எங்கள் வார்டு உறுப்பினர் முதல் நாளே கொடுத்திருந்தார். மொத்தம் 52 பொருள்கள். நீரேற்று நிலைய மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குப்பை வண்டிக்கு டயர், பேருந்து நிலையக் கழிப்பறை ஏலம், கொசுப்புகை அடிக்கிற ஆட்களுக்குச் சம்பளம் என்று வரிசையாகப் போகிறது. நான் தேடிப் போனது 37-வது பொருள். எங்கள் தெரு.

அதில் இருந்தது நாலே வரி. தெருவின் பெயர், நீளம் 140 மீட்டர், அகலம் 4 மீட்டர், பழுதடைந்த தார்ச்சாலையைப் பேவர் பிளாக் சாலையாக மாற்றும் பணி, மதிப்பீட்டுத் தொகை. அதற்குக் கீழே வழக்கமான வாசகம்: 'மன்றம் அனுமதிக்கலாம்.' மன்றம் அனுமதித்துவிட்டது. 36-க்கும் 38-க்கும் நடுவில் அந்த எண்ணைப் படித்த நேரம்தான் அதற்கு ஆனது. 52 பொருளும் அரை மணி நேரத்துக்குள் முடிந்து டீ வந்துவிட்டது.

உறுப்பினர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் நகராட்சிகளில் 31 வருஷம் பணி ஆய்வாளராக வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றவன். இந்த நாலு வரியை எத்தனை தெருவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. நீளம் இருக்கும், அகலம் இருக்கும், பணம் இருக்கும். உயரம் மட்டும் இருக்காது. வேலை முடிந்ததும் தெரு எந்த மட்டத்தில் நிற்கும் என்று ஒரு வார்த்தை இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா 1986-ல் கட்டிய வீடு இது. வாசலில் மூன்று கருங்கல் படி. மூன்றையும் ஏறி, இன்னொரு எட்டு வைத்தால் திண்ணை. ஒவ்வொரு படியும் ஆறு அங்குலம், ஆக திண்ணை தெருவை விட இரண்டடி உயரம். அப்பா கொத்தனாரைப் பக்கத்தில் நிற்க வைத்து, தெருவில் மழைத்தண்ணீர் எதுவரை ஏறும் என்று விசாரித்துத்தான் அந்த இரண்டடியை முடிவு செய்தார். இன்றைக்கு முதல் இரண்டு படியும் மண்ணுக்குள். மூன்றாவது படியின் மேல்பக்கம் மட்டும் அரை அங்குலம் தார் விளிம்புக்கு மேலே தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் அதை வாசலில் பதித்த பலகைக் கல் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றி அதன் மேல் விடுகிறார்கள்.

இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் ஐந்து முறை சாலை போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று முறையும் 75 மில்லிமீட்டர் ஜல்லித் தளம், அதன் மேல் 20 மில்லிமீட்டர் தார்க்கலவை. ஒரு தடவைக்கு 95 மில்லிமீட்டர். அப்புறம் இரண்டு முறை 50 மில்லிமீட்டர் தார் ஜல்லியும் அதன் மேல் 30 மில்லிமீட்டர் கலவையும். கூட்டினால் 445 மில்லிமீட்டர், அதாவது பதினேழரை அங்குலம். மூன்று படி பதினெட்டு அங்குலம். மிச்சம் அரை அங்குலம். டேப் வைத்து அளந்தாலும் அதுவேதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே போட்டார்கள். ஒரு முறைகூட எதையும் எடுக்கவில்லை.

இப்போது வரப்போகிற பேவர் பிளாக் 80 மில்லிமீட்டர். அதற்குக் கீழே மணல் 50 மில்லிமீட்டர். இருக்கிற தார் மேலேயே இதையும் பரப்பினால் இன்னும் 130 மில்லிமீட்டர் ஏறும். திண்ணைக்கும் தெரு ஓரத்துக்கும் இடையில் ஒன்றரை அங்குலம்கூட மிஞ்சாது. சாலையின் நடுப்பகுதி ஓரத்தை விட இரண்டு அங்குலமாவது தூக்கலாக இருக்கும், தண்ணீர் வழிய அப்படித்தான் போட வேண்டும். ஆக, தெருவின் நடுவே என் திண்ணையை விட உயரம். ஐப்பசி மழைக்கு அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

என் வீடாவது பரவாயில்லை. அடுத்த வீடு தாழ்வான ஓட்டு வீடு. அங்கே இருக்கிற அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. குழாயில் தண்ணீர் ஏறவில்லை என்று அவர் வீட்டு வாசலில் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்தார்கள். டெல்டாப் பக்கம் இது எல்லா ஊரிலும் உண்டு. அப்போது குழி முழங்கால் ஆழம். தெரு ஏற ஏற அந்தக் குழியும் ஆழமாகிவிட்டது. இப்போது இடுப்பு ஆழம். உள்ளே மூன்று செங்கல் படி கட்டியிருக்கிறார்கள். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் விடும்போது அந்த அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குடத்தோடு பக்கவாட்டாக இறங்குவார். நிரம்பின குடத்தை முதலில் விளிம்பில் வைத்துவிட்டு, அப்புறம் தான் ஏறுவார். மழை பெய்தால் சாக்கடையும் தெருத்தண்ணீரும் நேரே அந்தக் குழிக்குள்தான் இறங்கும். குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் விடாத நேரத்தில் பைப்புக்குள் அழுத்தம் இல்லையென்றால் வெளியே நிற்கிற அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும். வாந்திபேதி வந்த பிறகு தண்ணீரில் குளோரின் போதவில்லை என்று பேசுவோம். சாலை மட்டத்தைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

இதில் எனக்குப் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில், வேறொரு ஊரில், ஒரு சந்துக்கு ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தோம். வயசான அம்மா ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ரோட்டைத் தூக்கிக்கிட்டே போறீங்களே, என் வீட்டை யார் தூக்குவா?" என்று கேட்டார். எஸ்டிமேட் மேலிருந்து வந்தது, நான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சந்தில் பழைய தளத்தைக் கிளறி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதி என் மேலதிகாரியிடம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வேலையின் அளவுகளைப் பதிகிற எம்-புக்கில் கனத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறதோ.

உத்தரவு இல்லையா என்றால், இருக்கிறது. 2021 மே மாதம், அப்போதுதான் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த வெ. இறையன்பு அவர்கள், பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார்த்தளம் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். சாலை உயர்ந்தால் வீடுகள் பள்ளமாகி மழைநீர் உள்ளே போகிறது என்பதுதான் காரணம். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம். பெரிய சாலைகளில் பழைய தாரைச் சுரண்டி எடுக்கிற மில்லிங் இயந்திரம் ஓடுவதை இப்போது நானே பார்க்கிறேன். சின்ன ஊர்த் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும், ஒப்பந்ததாரர்கள் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய மில்லிங் இயந்திரம் 4 மீட்டர் தெருவில் திரும்ப முடியாது. ஜேசிபியை விட்டுக் கிளறினால் வீட்டு இணைப்புக் குழாய்கள் உடையும். பல வீட்டுக் குழாய்கள் ஒரு அடி ஆழத்தில்கூட இருக்காது. உடைந்தால் வாசலுக்கு வாசல் சண்டை, ஒட்டுகிற செலவு ஒப்பந்ததாரர் தலையில். கிளறி எடுத்ததை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டவும் லாரி வாடகை. மதிப்பீட்டில் இதற்கெல்லாம் தனியாக ஒரு இனம் போட்டுப் பணம் ஒதுக்கினால்தான் அவர்கள் செய்வார்கள். ஒதுக்காவிட்டால் மேலேயே பரப்பிவிட்டுப் போவார்கள். அப்புறம் இன்னொன்று: தார் மேல் தார் போட்டால்தானே சுரண்ட வேண்டும், இது பேவர் பிளாக், இது வேறு வேலை என்கிறார்கள். வேலையின் பெயர் மாறினால் தண்ணீர் வேறு பக்கம் ஓடுமா? பேவர் பிளாக் நல்ல பொருள்தான். பைப் ரிப்பேருக்குக் கல்லைப் பெயர்த்துவிட்டு மறுபடி பதிக்கலாம், இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரும் கீழே இறங்கும். எனக்கு அதன் மேல் வருத்தம் இல்லை. பக்கத்துத் தெருவில் தார் மேலேயே சிமென்ட் கான்கிரீட் போட்டார்கள், ஆறு அங்குலம். அதை இனி யார் சுரண்டுவது? அந்தத் தெருக்காரர்கள் வீட்டை இடித்துக் கட்டினால்தான் உண்டு.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வசதி உள்ளவர்கள் தூக்குகிறார்கள். ஓட்டு வீட்டில் இருக்கிற அக்காவுக்கு அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தெரு வேலை எதுவானாலும், மன்றத்துக்கு வைக்கிற அந்த நாலு வரியோடு ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும்: இப்போதைய மட்டம் இவ்வளவு, வேலை முடிந்த பின் மட்டம் இவ்வளவு. ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். அப்படி ஒரு நிலையான புள்ளியிலிருந்து மட்டத்தை எடுத்து, தெரு முனையில் அசையாத ஒரு இடத்தில், கோயில் சுவரோ பள்ளிக்கூடத்து அடித்தளமோ, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவல் கருவியும், அதோடு பிடிக்கிற ஸ்டாஃப் என்ற அளவுகோலும் இல்லாத நகராட்சி கிடையாது. 140 மீட்டர் தெருவுக்கு அரை நாள் வேலை. புது மட்டம் பழைய மட்டத்தை விட ஏறினால், ஏன் ஏறுகிறது, தாழ்வான வீடு எத்தனை, அந்த வீடுகளின் தண்ணீருக்கு என்ன வழி என்று அங்கேயே எழுத வேண்டியிருக்கும். அப்போது உறுப்பினர்களும் கேள்வி கேட்பார்கள். எண் இல்லாத இடத்தில் அவர்கள் எதை வைத்துக் கேட்பது?

அஜெண்டாவைக் கூட்டத்துக்கு முன்னாலேயே அலுவலகப் பலகையிலும் அந்தந்தத் தெருவிலும் ஒட்டினால் இன்னும் நல்லது. 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடத்தினார்கள். கிராம சபை மாதிரி நமக்கும் ஒன்று வந்ததே என்று நானும் போனேன். தெருவிளக்கு, குப்பை, நாய்த்தொல்லை எல்லாம் பேசினார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தில் வருகிற ஆறு மாதத்தில் எந்தத் தெருவில் என்ன வேலை, எந்த மட்டத்தில் என்று ஒரு காகிதத்தை வைத்தால் ஜனங்கள் தாங்களே வாசற்படியை அளந்துகொண்டு வந்து பேசுவார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் எங்கள் வார்டு உறுப்பினர் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாக ஜெயித்தவர், என் மகள் வயது. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். தலையாட்டினார், ஆனாலும் முகத்தில் ஒரு சந்தேகம். வாசலில் ஓரமாகக் கடப்பாரையால் தாரைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, இரண்டாவது படியின் முனையைக் காட்டினேன். அதில் அப்பா கொத்தச் சொன்ன பிள்ளையார் சுழி அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் குனிந்து தொட்டுப் பார்த்தார். "இதுக்குக் கீழே இன்னொண்ணு இருக்கா அய்யா?" என்றார். இருக்கிறது என்றேன். அடுத்த வீட்டுக் குழியையும் போய்ப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு இன்னும் டெண்டர் திறக்கவில்லை. ஒப்பந்தப்புள்ளியை ஏற்க மறுபடியும் மன்றத்துக்குத்தான் வர வேண்டும். அதற்குள் மதிப்பீட்டைத் திருத்தி, குறைந்தது 13 சென்டிமீட்டர் பழைய தளத்தை எடுத்துவிட்டுப் போடச் சொல்லி ஆணையரிடம் மனு கொடுத்திருக்கிறேன். தெரிந்த பையன் ஒருவனிடம் ஆட்டோ லெவல் இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் 10 மீட்டருக்கு ஒரு மட்டமும், 23 வீட்டு வாசல் மட்டமும் எடுத்து அந்த மனுவோடு இணைத்திருக்கிறேன். அதில் ஒன்பது வீடு இப்போதே தெருவை விடத் தாழ்வு. ஓரத்துக் குழாய்கள் எங்கெங்கே போகின்றன என்று கேட்டுக் குறித்திருக்கிறேன், தோண்டும்போது உடையாமல் இருக்க அது உதவும். வேலை நடக்கிற நாளில் என்னைக் கூப்பிட்டால் கூட நின்று காட்டித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் எங்கள் நகராட்சியில் மட்டும் இப்படி என்று ஆகிவிடும். நான் வேலை பார்த்த ஊர் எல்லாவற்றிலும் இதே கதைதான். உங்கள் வாசகர்களில் நகர்மன்ற உறுப்பினர்களும் பொறியாளர்களும் இருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அஜெண்டா தயாராகும்போது அந்த ஐந்தாவது வரியை அவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெரு அளவுத் தாளின் நகலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சிப் பணி ஆய்வாளர்,
காவிரி டெல்டா.