ஏன் ஓடிப்போகவில்லை?

அன்புள்ள கயல்,

நீ இங்கே விட்டுப்போன இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' நாவலை நேற்று முடித்தேன். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்ததில் மூன்று வாரம் ஆயிற்று. "ஏம்மா அவர்கள் ஓடிப்போகவில்லை?" என்று போனில் கோபப்பட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கதையைச் சொல்லும் கேத்தியிடம் கார் இருக்கிறது. இங்கிலாந்து முழுக்கத் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறாள். வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை. உறுப்புகளை எடுப்பதற்கென்றே குளோனிங்கில், இன்னொருவரின் நகலாக, உண்டாக்கப்பட்டவள் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்படியும், தன் முறை வரும்வரை மற்றவர்களுக்குப் பணிவிடை செய்கிறாள். எடுப்பதற்கு அங்கே 'தானம்' என்று பெயர். இரண்டாவதிலோ நான்காவதிலோ உயிர் போனால் 'நிறைவு'. இந்தச் சொற்கள்தான் எனக்குக் குமட்டின. கவசத்தை அறுத்துக் கொடுத்த கர்ணன், வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே கொடுத்தான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது.

1997-இல் குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுச் செய்தி வந்தபோது குளோனிங்கைப் பார்த்துத்தான் நானும் பயந்தேன். இந்தக் கதையில் விஞ்ஞானம் ஏறக்குறைய இல்லவே இல்லை. பயமுறுத்துவது கேத்தியும் அவளைப் போன்றவர்களும் வளரும் பள்ளிக்கூடம். எதற்காக உண்டாக்கப்பட்டார்கள் என்பதைப் புரியாத வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுகிறார்கள். புரிகிற வயதில் அது பழைய செய்தியாகிவிடுகிறது.

மாமாவுக்கு நான் சிறுநீரகம் கொடுத்தபோது நீ ஆறாம் வகுப்பு. என்னைத் தனியாக உட்காரவைத்து, "யாராவது வற்புறுத்துகிறார்களா?" என்று ஓர் அம்மாள் கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. உன் பாட்டி வாய் திறந்து கேட்கவேயில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்டோ ஸ்டாண்டு இருந்தது. நானும் ஓடவில்லை.

கொடுத்ததில் வருத்தமில்லை. மே மாதம் தவறாமல் மாம்பழக் கூடையோடு வருகிறார் மாமா, பாதியை அவரே தின்றுவிட்டுப் போகிறார்.

நீ இருக்கும் இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலிருந்து, மறுப்பைப் பதிவு செய்யாத பெரியவர்கள் இறந்தபின் உறுப்பு கொடுக்கச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்கிற உனக்கும் பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் சும்மா இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சரி என்றோ மாட்டேன் என்றோ நீயே பதிவேட்டில் எழுதிவிடு. எனக்கும் சொல். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, வீட்டாரையும் கேட்பார்கள். கேட்டால் நான் உன் பதிலைச் சொல்ல வேண்டும், என்னுடையதை அல்ல.

அம்மா