கர்ப்பிணிகளின் ‘ஐஸ்’ பாவனை பற்றிக் கிளினிக்கில் விசாரிக்கவும், சொன்னதை இரகசியமாகப் பேணவும் கோரும் மனு

மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வட மாகாணம்.

ஊடாக: சுகாதார வைத்திய அதிகாரி

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

யாழ்ப்பாண மாவட்டக் கிராமம் ஒன்றின் அன்னையர் ஆதரவுக் குழுவினராகிய நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமின் போதைப்பொருள் என்றதும் எல்லோரும் பெடியங்களைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளைத்தாச்சியும் அதைப் பாவிக்கக்கூடும் என்று எவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் துணைக்கு நின்ற பிரசவமொன்றில் பிள்ளை இரண்டு கிலோவை மட்டுமட்டாகத் தாண்டியிருந்தது. முதலில் பாலுக்குக்கூட எழும்பாத தூக்கம். பிறகு கைகால் நடுக்கம், வீறிட்ட அழுகை. காரணம் தெரிந்த பணியாளர் ஒருவர் விடுதி முழுக்கக் கேட்க ஏசினார். அன்றிரவே தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டாள். அதன்பின் அப்பிள்ளை எந்தக் கிளினிக்குக்கும் வரவில்லை.

மெதம்பெற்றமின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சூல்வித்தகத்துக்கு (நச்சுக்கொடிக்கு) போகும் இரத்தம் குறையும். குறைமாதப் பிரசவமும் நிறைகுறைவும் அதனால்தான். தாய்ப்பாலிலும் அது கலக்கிறது. 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் தாய் இதைப் பாவித்த சிசுக்கள் கருவளர்ச்சி குன்றிப் பிறக்கும் வாய்ப்பு மற்றச் சிசுக்களை விட 3.5 மடங்கு எனக் கண்டார்கள். அதே பிள்ளைகள் ஐந்து வயதை எட்டியபோது சிலரிடம் கவனக்குறைவும் தெரிந்தது. ஆனாலும் இவர்களை உருப்படாத பிள்ளைகள் என்று தள்ளிவிட முடியாது. 1980களில் கொக்கெயின் பாவித்த தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதித் தள்ளின. அவர்கள் வளர்ந்தபோது அந்த ஆரூடம் பலிக்கவில்லை. வறுமையும் வீட்டுச் சூழலும் போதைப்பொருளுக்குக் குறையாமல் பாதிக்கின்றன என்றே பின்னர் தெரியவந்தது.

2022ஆம் ஆண்டின் போதைப்பொருள் திருத்தச் சட்டப்படி 5 கிராம் ‘ஐஸ்’ வைத்திருந்தாலே மரண தண்டனை வரை போகலாம். விற்பவனுக்கு அது எவ்வளவு பயமோ தெரியாது. கர்ப்பிணியோ கிளினிக் பக்கமே வரப் பயப்படுகிறாள்.

கர்ப்பிணிகள் எல்லோரிடமும் ஒவ்வொரு வருகையிலும் போதைப்பொருள் பாவனை பற்றிக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. அதை எங்கள் கிளினிக்குகளிலும் நடைமுறைப்படுத்துங்கள். குடும்பநல உத்தியோகத்தர் அதைக் கேட்கும்போது கணவனோ மாமியாரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் கர்ப்பவதிப் பதிவேட்டில் பதிலை எழுதவும் கூடாது. முக்கியமாக, சிகிச்சைக்காகச் சொன்னது பொலிசுக்கோ ஊடகத்துக்கோ போகாது என்று தங்கள் கையொப்பத்துடன் சுற்றறிக்கை ஒன்று வேண்டும். அது இல்லாமல் மற்றவை கடதாசியில்தான் இருக்கும்.

பாவித்தபின் எவ்வளவு நேரம் பால் கொடுக்கக் கூடாது, கட்டிய பாலை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வைத்திய நிபுணர்களைக் கொண்டு ஒரே அறிவுறுத்தலைத் தமிழில் தாருங்கள். பிள்ளை இருக்கும் அறையில் புகைக்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். இப்பிள்ளைகளைப் பாடசாலை செல்லும் வரை கண்காணிக்கவும் ஒழுங்கு செய்ய வேண்டும்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால் குழு சார்பில் மூவர் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளோம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
அன்னையர் ஆதரவுக் குழுவினர்