ராத்திரிய போட்டோ பாத்து வரையாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஸ்பாட் பெயின்டிங், அதாவது அந்தந்த இடத்துக்கே போய் நின்னு படம் வரையறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, வெயில் நகர நகர நிழல் ஓடிப்போயிடும், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே படத்துல உக்காராதீங்கன்னு சொன்னதெல்லாம் நூத்துக்கு நூறு சரி. ஆனா கடைசியில, ராத்திரி காட்சின்னா மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல நிதானமா வரைஞ்சுக்கலாம்னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. ஒரே ஒரு வரிதான், ஆனா புதுசா பிரஷ் பிடிக்கிற பசங்க அத அப்படியே வேதவாக்கா எடுத்துக்குவாங்க. அதுக்குத்தான் இந்த லெட்டர்.

மொபைல் ராத்திரிய ஒழுங்கா காட்டவே காட்டாதுங்க. நைட் மோடுன்னு ஒண்ணு இருக்கே, அது வரிசையா பல படம் எடுத்து ஒண்ணா சேத்து, இருட்டா இருக்கிற இடத்தையெல்லாம் தூக்கி வெளிச்சமாக்கி குடுத்துடும். பாக்க ஜோரா இருக்கும். ஆனா நீங்க நின்ன இடத்துல அந்த மரத்தடியில ஒண்ணுமே தெரியல, போட்டோல இலை இலையா எண்ணலாம். நைட் மோட ஆஃப் பண்ணி எடுத்தா அதுக்கு நேர் எதிர், விளக்கு மட்டும் வெள்ள ஓட்டையா இருக்கும், மத்ததெல்லாம் மை. உங்க கண்ணு பாத்தது இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, அத வீட்ல உக்காந்து கண்டுபிடிக்கவே முடியாது.

அதுலயும் கலர் விஷயம் இன்னும் மோசம். சாயங்காலம் இருட்டுற நேரத்துல செவப்பு பூவெல்லாம் சட்டுனு கறுத்துப்போகும், ஆனா அதோட பச்சை இலை மட்டும் கொஞ்ச நேரம் பளிச்சுனு நிக்கும், கவனிச்சிருக்கீங்களா? புர்கின்யேன்னு ஒரு செக் நாட்டு விஞ்ஞானி 1825லயே இத எழுதி வச்சிருக்கார். வெளிச்சம் குறைய குறைய நம்ம கண்ணு வேற செல்லுங்களுக்கு மாறிடுது, அதுங்களுக்கு செவப்பு கிட்டத்தட்ட தெரியாது, நீலமும் பச்சையும் நல்லா தெரியும். நிலா வெளிச்சம் நீலமா தெரியறதுக்கும் இதுதான் பெரிய காரணம்னு சொல்றாங்க, மத்தபடி அது நிலாவுல பட்டு திரும்பி வர்ற சூரிய வெளிச்சம்தான், அளந்து பாத்தா சூரிய வெளிச்சத்த விட கொஞ்சம் செவப்பு பக்கமாவே இருக்கும். பௌர்ணமி அன்னைக்கே சூரியனோட வெளிச்சத்துல ஏறக்குறைய 4 லட்சத்துல ஒரு பங்குதான். கேமராவுக்கு இந்த மாற்றமெல்லாம் கெடையாது, நிறைய நேரம் திறந்து வச்சா நிலா வெளிச்சத்துல எடுத்ததையும் பகல் மாதிரியே காட்டும். அப்ப அந்த நீலம் எங்க இருக்கு? உங்க கண்ணுலதான். கண்ண அங்க கொண்டுபோகாம எப்படி வரையறது?

டச்சு ஓவியர் வான் கோ 1888 செப்டம்பர்ல பிரான்ஸ்ல ஆர்ல்ங்கற ஊர்ல ஒரு காபிக்கடை வாசல ராத்திரியில அங்கயே நின்னு வரைஞ்சார், தங்கச்சிக்கு எழுதின லெட்டர்ல அதுல கறுப்பே கெடையாதுன்னு பெருமையா சொல்றார். இருட்டுல பச்சைனு நினைச்சு நீலத்த எடுத்திடுவேன்தான், ஆனாலும் எல்லாரும் போடுற அந்த வழக்கமான கறுப்பு ராத்திரியில இருந்து தப்பிக்க வேற வழி இல்லைங்கிற அர்த்தத்துலயும் எழுதியிருக்கார். எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த சுழல் சுழலான நட்சத்திர படம் 1889ல ஆஸ்பத்திரியில இருந்தப்ப பகல்ல வரைஞ்சது, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா யாராவது மறு லெட்டர் போடுவீங்க. விஸ்லர்னு இன்னொரு ஓவியர்கூட லண்டன் தேம்ஸ் நதி ராத்திரி படங்கள ஸ்டுடியோல வச்சுதான் வரைஞ்சார். ஆனா அவர் ஆத்துல படகுல போய் பாத்துட்டு, திரும்பி நின்னு எங்க என்ன இருந்துச்சுன்னு வாய்விட்டு ஒப்பிச்சு மனப்பாடம் பண்ணிட்டு வருவாராம். அப்படி வீட்ல வரையுங்க, நான் கையெடுத்து கும்பிடறேன். என் சண்டை போட்டோவோட மட்டும்தான்.

சரி, அங்கயே போய் நின்னா எல்லாம் சரியா வந்துடுமான்னா வராது, நான் சொதப்பினத சொல்றேன். முதல் தடவ போனப்ப கேன்வாஸ் மேல நல்லா பளிச்சுனு ஒரு கிளிப் லைட்ட மாட்டிட்டேன். படம் அட்டகாசமா வந்திருக்குன்னு நினைச்சு சந்தோஷமா தூங்கிட்டு காலையில எழுந்து பாத்தா கரி பூசின பலகை. என்ன ஆச்சுன்னா லைட்டு பளிச்சுனு இருந்ததால பெயின்ட்டும் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு, நானும் காட்சிக்கு ஒத்துப்போகணும்னு இருட்டாக்கிக்கிட்டே போயிருக்கேன். அடுத்த தடவ ரொம்ப புத்திசாலித்தனமா லைட்டே வேணாம்னு தெரு விளக்குக்கு கீழயே நின்னேன், அது பழைய சோடியம் விளக்கு, ஆரஞ்சு கலர்ல எரியுமே அது. அதுக்கு கீழ வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும், நீலம் கறுப்பாட்டம் இருக்கும். நான் பாட்டுக்கு வெள்ளைனு நினைச்சு மஞ்சள எடுத்து வானத்துல கலக்கியிருக்கேன், காலையில வானம் பாசி பிடிச்ச பச்சை. இன்னும் அந்த பலகைய தூக்கிப் போடல.

இப்ப நான் செய்யறது இதுதான். வெளிச்சம் இருக்கும்போதே போய் கோடெல்லாம் போட்டுடுவேன், ராத்திரிக்கு வேண்டிய இருட்டு கலர்கள முன்னாடியே கலந்து பேலட்ல வரிசையா வச்சுடுவேன், எது எங்க இருக்குன்னு கைக்கு தெரியணும். கறுப்பு டியூப் எடுத்துட்டு போறதே இல்ல, அல்ட்ராமரின் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்தாலே போதுமான இருட்டு வந்துடும், அதுல நீலத்த கூட்டலாம் குறைக்கலாம். லைட்டு ரொம்ப பளிச்சும் இல்லாம மங்கலும் இல்லாம, கலர ஒழுங்கா காட்டுற வெள்ளை லைட்டு, அது கண்ணுல அடிக்காம கேன்வாஸுக்கும் பேலட்டுக்கும் மட்டும் விழுற மாதிரி. நட்சத்திரம் பாக்கிறவங்க செவப்பு டார்ச் வச்சிருப்பாங்க, அத கேட்டுட்டு நானும் ஒரு தடவ வச்சு பாத்தேன், இருட்டுக்கு பழகின கண்ணு கெடாதுங்கறது உண்மைதான், ஆனா பேலட்ல செவப்பும் வெள்ளையும் ஒண்ணாயிடுது, நமக்கு ஆகாது. கண்ணு முழுசா இருட்டுக்கு பழக அரை மணி நேரம் வரைக்கும் ஆகும், நடுவுல ஒரு மெசேஜ் வந்து போன எடுத்து பாத்தீங்கன்னா போச்சு, திரும்ப முதல்ல இருந்து.

பூச்சிதான் பெரிய தொல்லை. மழை விட்ட ராத்திரியில லைட்ட போட்டா ஈசல்ல (பலகைய நிறுத்துற ஸ்டாண்டுக்கும் இங்கிலீஷ்ல அதே பேருதான்) ஈசல் வந்து மொய்க்கும், எந்த ஈசல சொல்றேன்னு நீங்களே பிரிச்சுக்கோங்க. ஆயில் பெயின்ட்ல ஒட்டிக்கிட்டா எடுக்கவும் முடியாது. வான் கோவோட ஒரு ஆலிவ் மர படத்துல 2017ல அமெரிக்க மியூசியம் ஒண்ணுல பாத்தா பெயின்ட்டுக்குள்ள ஒரு வெட்டுக்கிளி ஒட்டியிருந்துச்சு, 1889ல வரைஞ்ச படம். அதனால நான் இப்பல்லாம் இறக்கைகள நோண்டறது இல்ல.

ஒரு நாள் நான் வரைஞ்சுக்கிட்டு இருந்தப்ப வாட்ச்மேன் ஒருத்தர் பின்னாடி வந்து ரொம்ப நேரம் நின்னுட்டு, "சார், அந்த சுவரு பச்சை சார், நான் தினம் பாக்கறேன், நீங்க என்னமோ ஊதா அடிக்கிறீங்க"ன்னார். இப்ப பாருங்கண்ணேன்னு சொன்னேன். அவர் சுவர பாத்தார், படத்த பாத்தார், மறுபடி சுவர பாத்தார். "அட, இப்ப பச்சையா இல்லதான்"னு சொல்லிட்டு கொஞ்ச தூரம் போய் திரும்பி நின்னு இன்னொரு தடவ பாத்தார். பல வருஷமா அந்த சுவருக்கு எதிர்ல உக்காந்திருக்கிற மனுஷன். அதே சுவர நானும் போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதுல பச்சையாத்தான் இருக்கு.

கடைசியா ஒரு சின்ன வேண்டுகோள். அந்த கட்டுரைக்கு பக்கத்துல ஒரு ராத்திரி பெயின்டிங் போட்டிருந்தீங்க, யாரோடதுன்னு பேரும் இருந்துச்சு, ஆனா நியூஸ் பேப்பர்ல மை ஊறி பரவினதுல மொத்தமும் கறுப்பு கட்டமா ஆயிடுச்சு, ஜன்னல் ரெண்டு மட்டும்தான் தெரிஞ்சுது. வரைஞ்சவர் அந்த நீலத்துக்கு எவ்ளோ நேரம் கொசுக்கடியில நின்னாரோ. அடுத்த தடவ போடுறப்ப பிரஸ்ல சொல்லி இருட்டு டோன மட்டும் கொஞ்சம் ஏத்தி போடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ராத்திரியில பலகைய தூக்கிட்டு கிளம்புற உங்க வாசகர்