நீ அனுப்பிய தண்ணீர்ப் படங்கள்

கொக்குவில்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பின் மச்சான்,

உன் கடித உறை நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஒரு மூலை நனைந்திருந்தாலும் உள்ளே இருந்த பதினொரு தபாலட்டைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. மேசையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு இவள், "இந்த வயதில் படம் சேர்க்கத் தொடங்கியாச்சோ" என்று கேட்டபடி தேத்தண்ணியை அட்டைகளுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பரிஸ் லக்சம்பேர்க் பூங்காவின் மெடிசி நீரூற்று இருக்கும் அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1630 அளவில் ஓர் அரசிக்காகக் கட்டியதை, 1860களில் தெரு வெட்டுவதற்காகக் கழற்றி நகர்த்தி வைத்தார்களாமே! நம்மூரில் தெருவுக்குக் குறுக்கே ஒரு வைரவர் சூலம் நின்றால் தெருவைத்தான் வளைப்போம். படத்தில் கல், மரம், கதிரை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. தண்ணீர் மட்டும் பால் கொட்டினாற்போல் வெள்ளைப் புகையாக இருக்கிறது. அந்தக் காலத்துக் கமெரா கண் திறந்து மூடுவதற்குள் தண்ணீர் ஓடிவிடுகிறது. ஊற்றைக் காட்டத்தான் படம் எடுத்தார்கள், அதில் சரியாக விழாததும் அந்த ஊற்றுத்தான்.

படத்தின் மேலேயே யாரோ நுணுக்கி எழுதியிருக்கிறார்களே என்று உன் பெரியவள் கேட்டதாக எழுதியிருந்தாய். 1904க்கு முந்திய பிரெஞ்சு அட்டையாக இருக்க வேண்டும் என்று சொல். அதுவரை பின்பக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுத விட்டார்கள், செய்தி எழுதுகிறவன் வானத்தில்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

சரி, என்னிடமும் ஒரு நீரூற்று அட்டை இருக்கிறது. அப்புவின் தகரப் பெட்டியில் காணி உறுதிகளுக்கு நடுவே கிடைத்தது. கண்டியில் தலதா மாளிகைக்குக் கிட்ட நிற்கும் இரும்பு ஊற்று, கோப்பித் தோட்டத் துரைமார் வைத்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகம். அந்தக் காலத்து இலங்கை அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சானவை. கண்டியைக் கண்ணால் காணாத யாரோ அங்கே இருந்து நிறம் பூசியிருப்பார்கள் போல, என் அட்டையில் மரமெல்லாம் ஒரே நீலப் பச்சை, ஆட்களின் சாரமெல்லாம் ஒரே சிவப்பு. துரைமார் ஊற்று வைத்த நேரத்திலேயே கோப்பி இலையில் நோய் பிடித்திருந்தது. 1869இல் கண்ட நோய், அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் கோப்பியை அழித்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்து காட்டு வழியே நடந்து அந்தத் தோட்டங்களுக்குப் போன நம் சனத்துக்கு வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா என்பதற்கு எந்த அட்டையும் இல்லை.

அதே இளவரசர், அதே வருகை. யாழ்ப்பாணத்துக்கு அவர் வரவே இல்லை, ஆனாலும் நாம் அவருக்காக மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினோம். சிமிதர் என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞரின் வரைபடம், 1882இல்தான் முடிந்தது. கண்டிக்கு ஊற்று, நமக்கு மணிக்கூடு. ஏன் நமக்கு ஊற்று இல்லை என்று இரவு முழுக்க யோசித்தேன் (தூக்கம் வராதவனுக்கு இது ஒரு வேலை). காரணம் எளிது. பம்பு இல்லாமல் தண்ணீர் மேலே பாய வேண்டுமென்றால் அதைவிட உயரத்தில் அது தேங்கி நிற்க வேண்டும். கண்டியைச் சுற்றி மலை. இந்தக் குடாநாட்டில் பனையைவிட உயரமான மேடு கிடையாது, ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. இருப்பதெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே. துலாவால் இறைத்து எடுக்கிற தண்ணீரை யார் விளையாட்டுக்கு வானத்தில் வீசுவான்? அந்தக் காலத்து அரசாங்க அதிபர் டைக் துரை யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவில் மரம் நட்டார், அதுவே பெரிய காரியம்.

உன் அட்டைகளில் எனக்கு மனதுக்குப் பிடித்தது பூங்காவில் இருப்பதல்ல, தெருவோரத்துப் பச்சை வாலஸ் ஊற்றுத்தான். நாலு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்கும் நடுவில் மெல்லிய நூல்போலத் தண்ணீர். 1870-71இல் பிரஷ்யப் படையின் முற்றுகையில் பரிஸ் தண்ணீருக்குத் தவித்த பிறகு, 1872இல் ஓர் ஆங்கிலேயர் தன் காசில் வைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சங்கிலியில் தகரக் கோப்பை தொங்குகிறது. சுகாதாரம் சரியில்லை என்று 1952இல் கோப்பைகளைக் கழற்றிவிட்டார்களாம். லண்டனில் 1859இல் இதே வேலைக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, பிறகு மாடு குதிரைக்கும் தொட்டி வைத்தார்கள்.

மாட்டுத் தொட்டி என்றதும் நம் ஆவுரஞ்சிக்கல்லடி ஞாபகம் வரவில்லையா உனக்கு? மடம், கேணி, சுமைதாங்கி, மாடு முதுகு உரசக் கல், பக்கத்தில் தொட்டி. எந்தக் கமெராக்காரனும் அதை அட்டையாக்கியதாக நான் காணவில்லை. நான் பார்த்த யாழ்ப்பாண அட்டைகளில் எல்லாம் கோட்டையும் பனையும்தான்.

ஆனால் பெருமைப்பட எனக்கு வாய் வரவில்லை. ஆறாம் வகுப்பில் நம்மோடு பந்து அடித்தவனை நினைத்துப் பார். வெயிலில் ஒரு வளவுக்குள் தண்ணி கேட்டுப் போனோம். நீயும் நானும் வாளியைத் தூக்கிச் செம்பில் குடித்தோம். அவனைக் கிணற்றுக் கட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, கையை ஏந்த வைத்து, உயரத்தில் இருந்து ஊற்றினார்கள். முழங்கை வழியே முக்கால்வாசி கீழே போனது. தொட்டியில் வாய் வைத்த மாட்டை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாமும் எதுவும் கேட்கவில்லை. எல்லோர் வாயும் பட்ட அந்தத் தகரக் கோப்பை அழுக்காகத்தான் இருந்திருக்கும், இருந்தாலும் அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மற்றப்படி புதினம் பெரிதாக இல்லை. முழங்கால் பழையபடிதான். தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கிக் குழாயில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சி இருந்திருந்தால் உப்புத் தண்ணியை விலைக்கு விற்கிறாங்கள் என்று சிரித்திருப்பார். கிணறு இன்னும் நல்லாகத்தான் இருக்கிறது, நீ வந்தால் குளிக்கலாம்.

அப்புறம் ஒரு வேலை. நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் பக்கம் போகிற வழியில் வாலஸ் ஊற்று ஏதும் கண்டால் நின்று பார், கோப்பைச் சங்கிலி கொளுவிய வளையம் இன்னும் இருக்கிறதா என்று எழுது. நான் இந்த ஞாயிறு நம் ஒழுங்கைத் தொட்டியைப் பார்க்கப் போகிறேன். யாரோ அதில் மண் நிரப்பிச் செவ்வரத்தை நட்டிருப்பதாக இவள் சொல்கிறாள்.

உன்
பழைய மச்சான்